கொக்குவில் கல்வெட்டும் பங்குக் கிணறும்: ஒரே கொம்பியூட்டரில் இரண்டு இயங்குதளம் வைத்த கதை

யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு என்றால் கோயில் சுவரில் இருப்பது மட்டும் அல்ல. ஒருவர் இறந்து 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கிற நினைவு மலருக்கும் அதுதான் பெயர். அட்டையில் படம், உள்ளே திதி வெண்பா, தேவாரம் திருவாசகம் முதலான ஐந்தும் சேர்ந்த பஞ்சபுராணம், வாழ்க்கை வரலாறு, பேரப்பிள்ளைகளின் புலம்பல், கடைசியில் நன்றி நவிலல். நாள் தள்ளிப்போட முடியாத வேலை. கலியாணத்தைக்கூட ஒத்திவைக்கலாம், 31ஐ ஒத்திவைக்க முடியாது.

கொக்குவிலில் ஒரு சிறிய ரைப்செற்றிங் கடை. ஒரு மேசை, ஒரு போட்டோக்கொப்பி மெஷின், ஒரு பழைய லேசர் பிறின்ரர். கடைக்கார அண்ணைக்கு அறுபது தாண்டிவிட்டது. இருபது வருடமாக ஒரே கொம்பியூட்டர், ஒரே விண்டோஸ் எக்ஸ்பி, ஒரே பேஜ்மேக்கர் 7. பேஜ்மேக்கர் 1985இல் ஆல்டஸ் நிறுவனம் மெக்கின்டொஷுக்காகக் கொண்டுவந்த, பக்கம் அடுக்கும் மென்பொருள். 1994இல் அடோபி அந்த நிறுவனத்தை வாங்கியது. 7ஆம் பதிப்பு 2001இல் வந்தது, அதற்குப் பிறகு பெரிய பதிப்பு இல்லை. ஆனால் அண்ணையின் கடையில் அது ஒரு நாளும் பழசாகவில்லை. ஒரு கல்வெட்டு முடிந்தால் அடுத்ததற்கு அதே ஃபைலை வேறு பெயரில் சேமித்து, பெயரையும் படத்தையும் மாற்றுவார். பஞ்சபுராணப் பக்கங்கள் எட்டும் அப்படியே இருக்கும். பிழை திருத்தித் திருத்திப் பத்துப் பதினைந்து வருடத்தில் சுத்தமான பக்கங்கள். கடையின் சொத்து எது என்று கேட்டால் நான் மெஷின்களைக் காட்ட மாட்டேன், அந்த எட்டுப் பக்கத்தைத்தான் காட்டுவேன்.

2025 ஐப்பசியில் ஒரு வியாழன் இரவு இடி விழுந்தது. வெள்ளி காலையில் அண்ணை எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, பெட்டி எழும்புதில்லை. ஒரு மணமும் வருது."

மணம் வந்தால் மதர்போட் போய்விட்டது என்று போகாமலே சொல்லலாம். போய்ப் பார்த்தேன், அதுதான். 80 ஜிபி ஹார்ட் டிஸ்க் மட்டும் தப்பியிருந்தது, அகலமான ரிப்பன் கேபிளில் மாட்டுகிற பழைய வகை. மேசையில் ஒரு கல்வெட்டு பாதியில் நின்றது. அந்தியேட்டி அடுத்த கிழமை ஞாயிறு. அச்சடிப்பதும் பின் அடிப்பதும் வேறு அச்சகத்தில், அவர்களுக்கு வியாழன் மதியத்துக்குள் ஃபைல் போகவேண்டும். கையில் ஆறு நாள்.

புது மெஷின் வாங்கலாமே என்று கேட்பவர்களுக்கு: 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360ஐத் தாண்டிய பிறகு, இப்படியான கடைகளில் புது மெஷின் என்ற பேச்சே எழுவதில்லை. சனிக்கிழமை பாவித்த ஒரு டெஸ்க்டொப் கிடைத்தது. மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி டிஸ்க். அந்த ஒக்டோபர் 14ஆம் திகதிதான் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்திருந்தது. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ள இன்டெல் சிப்பைப் பொதுவாக ஏற்பதில்லை. ஆகவே இணையம், வட்ஸ்அப், படம் வெட்டுவது எல்லாவற்றுக்கும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட். பேஜ்மேக்கருக்கு எக்ஸ்பி. இரண்டும் ஒரே பெட்டியில் இருக்கவேண்டும். எப்படி வைப்பது என்பதுதான் கேள்வி, அதற்கு நான் முதலில் சொன்ன பதில் பிழை.

ஏன் இரட்டை பூட்

ஒரே கொம்பியூட்டரில் இரண்டு இயங்குதளம் வைக்க நடைமுறையில் மூன்று வழி இருந்தது. டிஸ்க்கைப் பார்ட்டிஷன்களாகப் பங்குபோட்டு, எழும்பும்போது எது வேண்டும் என்று கேட்க வைப்பது ஒன்று, இதுதான் இரட்டை பூட். ஒன்றுக்குள் மற்றதை ஒரு நிரல் போல ஓடவிடும் மெய்நிகர் இயந்திரம் இன்னொன்று. விண்டோஸே இல்லாமல், விண்டோஸ் நிரல் கேட்கிறதை லினக்ஸுக்கு மொழிபெயர்த்துக் கொடுக்கும் வைன் மூன்றாவது.

நான் முதலாவதைத் தேர்ந்தேன். காரணம் கேட்டால் வெட்கம்தான். 4 ஜிபி ரேமைப் பார்த்ததும், இதுக்குள் இரண்டு சிஸ்டம் ஒன்றாக ஓடாது என்று கணக்குப் போட்டேன். இன்றைய கணக்கு அது. எக்ஸ்பி கேட்கிற ஆகக் குறைந்த ரேம் 64 எம்பி, நல்லது என்று சொன்னது 128 எம்பி. ஜிபி அல்ல, எம்பி. 2001ஆம் ஆண்டின் சாப்பாட்டுக்காரனுக்கு நான் 2025ஆம் ஆண்டின் பானையை நினைத்துவிட்டேன்.

டிஸ்க் வேலைக்கு முதல், பழைய 80 ஜிபியை யூஎஸ்பி அடப்ரரில் மாட்டி, நிறுவாமலே ஓடும் லைவ் லினக்ஸில் இருந்து முழுப் பிரதி ஒன்று எடுத்தேன். ஒரே ஃபைல், டிஸ்க்கின் ஒவ்வொரு செக்டரும் அதற்குள். எந்த மீட்பு வேலையிலும் மூலத்தில் கை வைக்க முதல் இதைச் செய்யவேண்டும். இந்தக் கதையில் நான் சரியாகச் செய்த சில விஷயங்களில் இது ஒன்று.

அப்புறம் ஞாயிறு முழுக்க நிறுவல். எக்ஸ்பி முதல், லினக்ஸ் பிறகு. இந்த ஒழுங்கு மாறினால் தலையிடி. பழைய முறை பூட்டில் எல்லாம் டிஸ்க்கின் முதல் 512 பைட்டில்தான் தொடங்கும். அதில் 446 பைட் எழுப்பும் நிரலுக்கு, 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு, மிச்சம் 2 பைட் அடையாளத்துக்கு. எக்ஸ்பியை நிறுவும்போது அந்த 446ஐ யாரிடமும் கேட்காமல் தன் நிரலால் எழுதிவிடும். லினக்ஸின் எழுப்பும் நிரலான குரூப், பக்கத்தில் விண்டோஸ் இருக்கிறதா என்று பார்த்து, பட்டியலில் அதற்கும் ஒரு வரி கொடுக்கும். அட்டவணையின் 64 பைட்டுக்குள் 16 பைட்டாக நாலு வரிதான். அதனால்தான் பழைய முறையில் நாலு முதன்மைப் பார்ட்டிஷனுக்கு மேல் இல்லை. ஜிபிடி என்ற புது அட்டவணையில் இந்தத் தொல்லை கிடையாது, ஆனால் எக்ஸ்பியின் 32 பிட் பதிப்புக்கு ஜிபிடி டிஸ்க்கை வாசிக்கவே தெரியாது.

எக்ஸ்பி சீடி நீல நிறத்தில் நின்றது. ஸ்டொப் 7பி என்ற பிழைச் செய்தி. இதுவும் எதிர்பார்த்ததுதான்: அந்தச் சீடி வந்த காலத்தில் டிஸ்க்கோடு பேசும் புது ஏஎச்சிஐ முறைக்கான டிரைவர் அதில் இல்லை, டிஸ்க் இருக்கிறது என்றே அதற்குத் தெரியாது. மெஷினின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயோஸில் டிஸ்க்கைப் பழைய ஐடிஈ முறைக்கு மாற்றினால் சரி.

ஒரு சின்னச் சிரிப்பும் கிடைத்தது. நேர வலயம் கேட்ட இடத்தில் ஸ்ரீ ஜயவர்த்தனபுர என்று இருந்ததற்குப் பக்கத்தில் 6 மணி என்று போட்டிருந்தது. சீடி 2004ஆம் ஆண்டுக்காரன். இலங்கை 1996இல் நேரத்தை முன்னுக்குத் தள்ளி, 2006 ஏப்ரலில்தான் திரும்பவும் ஐந்தரைக்கு வந்தது. "பழைய நேரமோ, புது நேரமோ" என்று கேட்டு விசேஷங்களுக்குப் போன காலம் அண்ணைக்கு ஞாபகம் வந்துவிட்டது, கால் மணி நேரம் வேலை நின்றது. பட்டியலில் இந்தியாவைத் தெரிவுசெய்து தப்பினோம்.

இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு பார்ட்டிஷன் வேண்டுமே. அதை 32 ஜிபி அளவில் ஃபட்32 என்ற பழைய ஃபைல் அமைப்பில் வைத்தேன். இரண்டு சிஸ்டமும் எந்த டிரைவரும் இல்லாமல் வாசித்து எழுதும். அண்ணைக்கு விளங்கப்படுத்த, "இது பங்குக் கிணறு மாதிரி அண்ணை. படங்களை லினக்ஸ் பக்கத்தில் இருந்து இதுக்குள் போடுங்கோ, எக்ஸ்பி பக்கத்தில் வந்து அள்ளுங்கோ" என்றேன். அவருக்கும் பிடித்துக்கொண்டது. பங்குக் கிணற்றில் முறை என்று ஒன்று இருக்கிறது என்பதையும் அப்போதே சொல்லியிருக்கவேண்டும்.

பதினொரு தரம்

திங்கள் மாலை கடைக்குப் போனேன். அண்ணை ஒரு பேப்பரில் கோடு போட்டு வைத்திருந்தார். பதினொரு கோடு.

"காலையில் இருந்து பதினொரு தரம் நிற்பாட்டி எழுப்பியிருக்கிறன். இது கொம்பியூட்டரோ, ஒவ்வொரு சந்தியிலும் நிண்டு போற பஸ்ஸோ?"

நடந்தது இதுதான். கல்வெட்டின் முக்கால்வாசி ஆட்கள் ரொறன்ரோவில். படமும் திருத்தமும் வட்ஸ்அப்பில் வரும். அதை லினக்ஸ் பக்கத்தில் இறக்கவேண்டும். பிறகு ரீஸ்டார்ட், எக்ஸ்பி, பேஜ்மேக்கர், பிடிஎஃப். பிறகு ரீஸ்டார்ட், வட்ஸ்அப்பில் அனுப்பவேண்டும். பத்து நிமிடத்தில் பதில்: "சித்தப்பாவின்ர பேர் விடுபட்டுப்போச்சு." திரும்ப ரீஸ்டார்ட். ஒரு பெயருக்காக இரண்டு தரம் மெஷினை நிறுத்தி எழுப்பவேண்டும். சுற்றும் டிஸ்க்கில் ஒரு தரத்துக்கு மூன்று நிமிடத்துக்குக் குறையாது.

இரட்டை பூட்டைப் பற்றிப் பேசும்போது வேகம், ரேம், டிரைவர் என்று எல்லாரும் மெஷினைத்தான் அளக்கிறோம். நான் அளக்காமல் விட்டது வேலையை. ஒரு வேலை முடிவதற்குள் எத்தனை தரம் இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கம் தாண்டவேண்டும்? பகலில் கணக்கு வேலை, இரவில் விளையாட்டு என்று இருக்கிற ஒருவருக்கு நாளைக்கு ஒரு தரம்தான் தாண்டல், அவருக்கு இரட்டை பூட் அருமையானது. சிப்பின் முழு வலுவும் ஒரே சிஸ்டத்துக்குக் கிடைக்கும், கிராபிக்ஸ் காட் நேராகக் கிடைக்கும். கல்வெட்டுக்காரருக்கு அப்படி இல்லை. அவர் ஒரு வசனத்துக்குள்ளேயே தாண்டுகிறார்.

நேரமும் குழம்பியது. லினக்ஸ் மதர்போட் மணிக்கூட்டில் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கும், எக்ஸ்பி அதே மணிக்கூட்டை உள்ளூர் நேரம் என்று வாசிக்கும். எங்கள் ஊரில் வித்தியாசம் ஐந்தரை மணி. எக்ஸ்பியில் மாலை ஐந்தரைக்குச் சேமித்த ஃபைலில் மதியம் பன்னிரண்டு மணி என்று விழுந்தது. திருத்தியது எது, திருத்தாதது எது என்று நேரத்தைப் பார்த்துத் தெரிவுசெய்த அண்ணை, பழைய பிரதியை ரொறன்ரோவுக்கு அனுப்பிவிட்டார். சித்தப்பா இரண்டாம் தரமும் விடுபட்டார். லினக்ஸையும் உள்ளூர் நேரத்தில் வைக்கச் சொல்ல ஒரு கட்டளை போதும், திங்கள் இரவே போட்டேன். சித்தப்பா வீட்டுக்காரரைச் சமாதானம் பண்ணத்தான் கூட நேரம் எடுத்தது.

செவ்வாய் இரவு

அண்ணையிடம் இருபது வருடப் பழக்கம் ஒன்று இருந்தது. எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. கறண்ட் போனால் யூபிஎஸ் ஐந்து நிமிடம்தான் தாங்கும். ஆகவே நிறுத்தும் பெட்டியைத் திறந்து, ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடிப்பார். எக்ஸ்பியில் அப்படிப் பிடித்தால் ஸ்டான்ட் பை என்ற பொத்தான் ஹைபர்னேட் ஆக மாறும். ரேமில் இருப்பதெல்லாம் டிஸ்க்கில் ஒரு பெரிய ஃபைலாக இறங்கும், மெஷின் நிற்கும், கறண்ட் வந்து எழுப்பினால் விட்ட பக்கத்தில் விட்ட எழுத்தில் வந்து நிற்கும். மின்வெட்டு ஊரில் இது பெரிய கெட்டித்தனம்.

பதினொரு ரீஸ்டார்ட்டில் அலுத்துப்போனவர், செவ்வாய் அன்று அதே கெட்டித்தனத்தை இங்கேயும் காட்டினார். எக்ஸ்பியை மூடாமல் ஹைபர்னேட் பண்ணி, லினக்ஸில் எழும்பி, படத்தைப் பொதுப் பார்ட்டிஷனில் போட்டு, திரும்ப எக்ஸ்பிக்குப் போனார். பேஜ்மேக்கர் திறந்தபடியே வந்தது, சந்தோஷம். ஆனால் போட்ட படத்தைக் காணவில்லை. சரி, திரும்ப லினக்ஸுக்குப் போய்ப் போடுவோம் என்று போனார். நாலு தரம் இப்படி.

இரவு ஒன்பது மணிக்குப் போன் வந்தது. "தம்பி, அம்மம்மாவின்ர படத்தில அரைவாசி வேற யாரோ."

உண்மையிலேயே அப்படித்தான். படத்தின் மேல் பாதியில் இறந்த அம்மா பட்டுச் சேலையோடு இருக்கிறார். கீழ்ப் பாதியில் ஒரு கார், பனி மூடிய வீட்டு வாசல், சாம்பல் நிறக் கோடுகள். பேஜ்மேக்கர் ஃபைலைத் திறந்தால் ஒன்பதாம் பக்கத்தோடு பிழைச் செய்தி.

என்ன நடந்தது என்று விளங்க, ஃபட் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கவேண்டும். டிஸ்க் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். எந்தக் கட்டம் யாருடையது, அடுத்தது எது என்று ஒரு அட்டவணை சொல்லும். அதன் பெயர்தான் ஃபட். எக்ஸ்பி அதை ஒவ்வொரு தரமும் டிஸ்க்கில் போய் வாசிப்பதில்லை, ரேமில் ஒரு பிரதி வைத்திருக்கும். ஹைபர்னேட் பண்ணும்போது அந்தப் பிரதியும் சேர்ந்து உறங்கும். இடையில் லினக்ஸ் எழும்பி, வெறுமையான கட்டங்களில் படத்தைப் போட்டு, டிஸ்க்கில் இருக்கும் அட்டவணையைத் திருத்தும். பிறகு எக்ஸ்பி கண் விழிக்கும். அதன் ஞாபகத்தில் அந்தக் கட்டங்கள் இன்னும் வெறுமை. கல்வெட்டை அங்கே எழுதும், பழைய அட்டவணையையும் திரும்ப டிஸ்க்கில் எழுதிவிடும். உறங்கி எழும்புகிறவனுக்கு இடையில் ஒருவன் வந்து தண்ணீர் அள்ளிப் போனது தெரியாது.

விண்டோஸின் சொந்த என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனாக இருந்திருந்தால் லினக்ஸ் கொஞ்சம் உசாராகியிருக்கும். உறங்கும் விண்டோஸின் அடையாளத்தை அந்தப் பார்ட்டிஷனில் கண்டால் அதில் எழுத மறுக்கும். அன்றும் எக்ஸ்பி இருந்த சி டிரைவில் அப்படித்தான் மறுத்திருந்தது. நான் தெரிவுசெய்த ஃபட்32 பொதுக் கிணற்றுக்கு அந்தக் காவல் எதுவும் இல்லை. விண்டோஸ் 8ஐயோ அதற்குப் பிறகு வந்தவற்றையோ வைத்திருப்பவர்களுக்கு இதே பொறி வேறு உருவத்தில் இருக்கிறது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி போட்டிருந்தால், ஷட்டவுன் என்று நீங்கள் கொடுப்பது பாதி உறக்கம்தான். இரட்டை பூட் வைப்பவர் முதல் வேலையாக அதை நிறுத்தவேண்டும். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லொக்கர் போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியையும் முதலே ஒரு தாளில் எழுதி வைக்கவேண்டும்.

அண்ணை பிழை விடவில்லை. உறக்கத்தில் வைத்துவிட்டு மற்றப் பக்கம் போகக்கூடாது என்று ஒரு வரி சொல்லாமல் போனவன் நான்.

டிஸ்க்கைச் சரிபார்க்க விட்டதில் பூச்சியம் பூச்சியமாக எண் போட்ட துண்டு ஃபைல்கள் ஒரு ஃபோல்டர் நிறைய வந்தன. படங்கள் பிரச்சினை இல்லை, வட்ஸ்அப்பில் திரும்ப இறக்கலாம். பஞ்சபுராணமும் பிரச்சினை இல்லை, 80 ஜிபி டிஸ்க்கின் பிரதியில் இருக்கிறது. புதிதாக அடித்த வாழ்க்கை வரலாறும் புலம்பலும்தான் போனவை. பதினொரு பக்கம்.

அவற்றைக் காப்பாற்றியது ரொறன்ரோவுக்குத் திங்கள் இரவு போன பிடிஎஃப், அதோடு பாமினி. பாமினி யூனிகோட் எழுத்துரு அல்ல. அதில் நமக்கு 'த' என்று தெரிவது கொம்பியூட்டரின் கணக்கில் ஆங்கில ஜே. 'ம' என்பது கே. தட்டச்சு வகுப்பில் யளனகப என்று விரல் பழகியவர்களுக்கு வரிசை அப்படியே கைக்கு வரும். எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பை. இருபது வருடமாக எல்லாரும் பாமினியைத் திட்டுகிற காரணம் அதுதான். அன்று அதே காரணம் உதவிக்கு வந்தது. யூனிகோட் தமிழ் பிடிஎஃப்பில் இருந்து எழுத்தைப் பிரதி எடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறி வருவது பலருக்கு அனுபவம். பாமினி பிடிஎஃப்பில் அந்த வேலை இல்லை, உள்ளே இருப்பது வெறும் ஆங்கில எழுத்து. பிரதி எடுத்து, பேஜ்மேக்கரில் ஒட்டி, எழுத்துருவைப் பாமினி ஆக்கினால் ஒரு புள்ளி பிசகாமல் வந்தது. பந்திகளையும் படங்களையும் மட்டும் திரும்ப அடுக்கவேண்டும். ஆனால் எந்த எக்ஸ்பியில் அடுக்குவது?

பெட்டிக்குள் பெட்டி

புதன் காலை முதலில் வைன். 1993இல் தொடங்கி இன்றும் வளர்கிற வேலை, எனக்கு அதில் மரியாதை உண்டு. பேஜ்மேக்கர் நிறுவியது, திறந்தது. ஏழாம் பக்கத்தில் திருப்பல்லாண்டின் கடைசி அடி அடுத்த பக்கத்துக்கு வழிந்தது. கல்வெட்டின் பக்கங்கள் நாலின் மடங்காக நிற்கவேண்டும், ஒரு அடி வழிந்தால் முழுப் புத்தகமும் நகரும். எங்கே பிழை என்று தேட நேரம் இல்லை. மூடினேன்.

அடுத்தது மெய்நிகர் இயந்திரம். அதற்கான வேர்சுவல்பொக்ஸ் என்ற மென்பொருளை நிறுவி, எக்ஸ்பிக்கு 512 எம்பி ரேமும் 10 ஜிபி வரை வளரக்கூடிய டிஸ்க்கும் கொடுத்தேன். தொடக்கத்திலேயே மறுத்தது: மெய்நிகர் இயந்திரத்துக்குச் சிப் கொடுக்கும் விடி-எக்ஸ் வசதி பயோஸில் நிறுத்தப்பட்டிருந்தது. பாவித்த அலுவலக மெஷின்களில் இது அடிக்கடி. முன்பு இந்த வசதி இல்லாமலும் 32 பிட் சிஸ்டம் ஓடும், 6.1 பதிப்பில் இருந்து அது கட்டாயம். பயோஸில் ஒரு வரி மாற்றியதும் நீலத் திரை இல்லாமல், ஐடிஈ ஏஎச்சிஐ என்ற பேச்சே இல்லாமல் எக்ஸ்பி ஏறியது. மெய்நிகர் பெட்டி எக்ஸ்பிக்குக் காட்டுகிற மதர்போட்டும் டிஸ்க்கும் எக்ஸ்பி காலத்துக்காரருக்குத் தெரிந்தவை. உண்மையான மெஷின் என்ன என்று அதற்குத் தெரியவேண்டியதே இல்லை. இதை நான் ஞாயிறே செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திராது.

எழுத்துருவில் ஒரு மணி நேரம் போனது. அவசரத்தில் இணையத்தில் கிடைத்த ஒரு பாமினியைப் போட்டேன், இரண்டு இடத்தில் வரி உடைந்தது. பெயர் ஒன்றுதான், ஆனால் சில எழுத்தின் அகலம் மயிரிழை வேறு. பழைய டிஸ்க்கின் பிரதியில் இருந்த எழுத்துரு ஃபோல்டரை முழுதாகக் கொண்டுவந்தபின் எல்லா வரியும் பழைய இடத்தில் உட்கார்ந்தது. வைனில் வழிந்ததற்கும் இந்தப் பாமினிதான் காரணமோ என்று பிறகு தோன்றியது. அங்கேயும் அதைத்தான் போட்டிருந்தேன்.

இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இங்கே ஒரு பகிர்வு ஃபோல்டர். எக்ஸ்பிக்கு அது ஒரு நெட்வேர்க் டிரைவ் மாதிரித் தெரியும். டிஸ்க்கைத் தொடுவது லினக்ஸ் மட்டும். எக்ஸ்பி கேட்கும், லினக்ஸ் எடுத்துக் கொடுக்கும். கிணற்றில் இறங்குகிற ஆள் ஒருவர்தான், மற்றவர் வாளியை நீட்டுகிறார். அதனால் அண்ணையின் ஷிஃப்ட் பழக்கத்துக்கும் இங்கே இடம் இருந்தது: சாளரத்தை மூடும்போது நிலையைச் சேமி என்று கொடுத்தால் எக்ஸ்பி விட்ட எழுத்தில் உறங்கும். அதன் டிஸ்க் என்பது லினக்ஸில் கிடக்கும் ஒரு ஃபைல், அதற்குள் லினக்ஸ் போய் எழுதுவதில்லை. எத்தனை தரம் உறங்கி எழும்பினாலும் குழப்பம் இல்லை. ஒன்று மட்டும் சொல்லி வைத்தேன், பேஜ்மேக்கர் ஃபைலைப் பகிர்வு ஃபோல்டரில் வைத்துத் திறக்கவேண்டாம், உள்ளே இருக்கும் சி டிரைவில் வைத்து வேலை செய்து, முடிந்ததை வெளியே போடவேண்டும்.

பிறின்ரருக்கு எக்ஸ்பியில் டிரைவரே போடவில்லை. பொதுவான போஸ்ட்ஸ்கிரிப்ட் பிறின்ரர் ஒன்றை நிறுவி, அச்சடிப்பதை ஃபைலாகப் பகிர்வு ஃபோல்டரில் விழ வைத்தேன். லினக்ஸில் இருக்கும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் அதைப் பிடிஎஃப் ஆக்கும். அதைத்தான் வட்ஸ்அப்பில் அனுப்புவதும், கடையின் லேசரில் எடுப்பதும். நெட்வேர்க் காட்டையும் எக்ஸ்பிக்குக் கொடுக்கவில்லை. 2014 ஏப்ரல் 8க்குப் பிறகு பொதுவான பாதுகாப்பு ஆதரவு நின்றுபோன சிஸ்டத்தை இணையத்தில் விட எந்தத் தேவையும் இல்லை.

அன்று பகல் இரண்டு மணியில் இருந்து அண்ணையும் அவர் வீட்டு அக்காவும் பக்கம் அடுக்கினார்கள். அக்கா பிடிஎஃப்பைப் பார்த்து வாசிக்க, அண்ணை எக்ஸ்பி சாளரத்தில் அடுக்க, பக்கத்துச் சாளரத்தில் ரொறன்ரோவில் இருந்து திருத்தம் வந்துகொண்டிருந்தது. ரீஸ்டார்ட் ஒன்றும் இல்லை. இரவு பதினொன்றரைக்குக் கடைசிப் பக்கம். வியாழன் காலை பத்தரைக்கு ஃபைல் அச்சகத்துக்குப் போனது. சித்தப்பா இருந்தார்.

பிறகு

மெய்நிகர் பெட்டி எல்லாவற்றுக்கும் மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு கிழமை கழித்து யூனிவர்சிற்றிப் பெடியன் ஒருவன், முப்பரிமாண வரைபட மென்பொருள் ஓடவேண்டும் என்று லப்டொப்போடு வந்தான். அவனுக்கு நான் இரட்டை பூட்தான் வைத்துக் கொடுத்தேன். கிராபிக்ஸ் வலு முழுதாக வேண்டும், அவன் தாண்டுவதும் கிழமைக்கு ஒரு தரம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திக் காட்டினேன், நேரத்தையும் ஒழுங்குபடுத்தினேன். நீ எப்படி மெஷினை நிறுத்துவாய் என்று முதல் கேள்வியாகக் கேட்டேன். "மூடிய மூடுறதுதான் அண்ணா" என்று லப்டொப் மூடியைக் காட்டினான். அதையும் மாற்றவேண்டியிருந்தது.

கொக்குவில் கடையில் பழைய இரட்டை பூட்டின் எக்ஸ்பி பார்ட்டிஷன் இன்னும் டிஸ்க்கில் கிடக்கிறது, குரூப் பட்டியலில் மட்டும் அதன் வரியை எடுத்துவிட்டேன். மெய்நிகர் டிஸ்க் இப்போது 4.6 ஜிபி. அதைப் பிரதி எடுக்கக் கொடுத்த பென் டிரைவ் ஏற்கவில்லை. ஃபட்32இல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது, எக்ஸ்ஃபட்டுக்கு மாற்றிய பிறகு ஏற்றது. அந்த ஒரு ஃபைலுக்குள் எக்ஸ்பி, பேஜ்மேக்கர், பாமினி, எட்டுப் பக்கம் பஞ்சபுராணம் எல்லாம் இருக்கிறது. நாளைக்கு இந்த மெஷினிலும் இடி விழுந்தால் வேறொரு மெஷினில் வேர்சுவல்பொக்ஸ் போட்டு, ஃபைலைக் காட்டினால் போதும். இரண்டு பிரதி எடுத்தோம். ஒன்று கடை லாச்சியில். மற்றதை அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய், காணி உறுதிகள் வைத்திருக்கும் தகரப் பெட்டியில் வைத்துவிட்டார்.

பஞ்சபுராணத்தை யூனிகோடுக்கு மாற்றும் வேலையும் தொடங்கியிருக்கிறது. மாற்றி நிரல் முக்கால்வாசியைச் சரியாகத் தருகிறது, மிச்சத்தை அண்ணை ஒவ்வொரு அடியாகப் பார்க்கிறார். இன்னும் திருவாசகம் தாண்டவில்லை.